கடுக்காய் கொடுக்காத நிறம்

கள்ளக்குறிச்சியில் டி-ஷர்ட் அச்சடித்துத் தரும் ஒரு கடை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்த நான்கு இளைஞர்கள் வாலிபால் போட்டிக்கு ஜெர்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சில் ஊர்ப்பெயர், முதுகில் ஆளின் பெயரும் எண்ணும். விலை பேசி முடித்தபின் ஒருவர் கேட்டார்: "அண்ணே, துவைச்சா போயிடாதே?"

"போகாது தம்பி, நான் கேரண்டி" என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் நின்றிருந்த எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. துணியில் நிறம் வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து வாங்குபவர் கேட்டுவரும் கேள்வி அது. அதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த பழைய விடைகளில் ஒன்று, அந்த இளைஞர்கள் இறங்கி வந்த மலையிலேயே மரமாக நிற்கிறது.

முதலில் பருத்தியைப் பார்ப்போம். ஒரு பருத்தி இழை என்பது பருத்தி விதையின் தோலில் முளைத்த ஒரே ஒரு செல். அந்த ஒற்றைச் செல் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வரை நீண்டு வளர்ந்து, காய் வெடித்ததும் காய்ந்து தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் சங்கிலிக்குத்தான் செல்லுலோஸ் என்று பெயர். கள்ளக்குறிச்சிச் சீமையில் ஒரு வயலில் கரும்பும் இன்னொரு வயலில் பருத்தியும் நிற்கும். கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும். பருத்தி, சீசனில் வாராவாரம் நடக்கும் ஏலத்துக்கு மூட்டை மூட்டையாக வரும். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ். பருத்தி ஏறத்தாழ முழுக்கவே குளுக்கோஸ். ஒன்று நாக்கில் பட்டதும் கரைகிறது, மற்றது கொதிநீரில் போட்டாலும் கரைவதில்லை. கோத்த விதம் அப்படி.

சர்க்கரை வீட்டுப் பிள்ளை என்பதால் பருத்திக்குத் தண்ணீரைப் பிடிக்கும். சித்திரை வெயிலில் அது வியர்வையை இழுத்துக்கொள்வது அதனால்தான். ஆனால் நிறத்தோடு அதற்கு அப்படியொரு ஒட்டுறவு கிடையாது. பட்டும் கம்பளியும் புரதத்தால் ஆனவை. சாயத்தைப் பிடித்துக்கொள்ளப் புரதத்தில் கொக்கிகள் பல உண்டு. பருத்தியில் அவை இல்லை. போதாததற்கு, தண்ணீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பில் லேசான எதிர்மின் தன்மை இருக்கும். சாயங்களில் பலவும் எதிர்மின் தன்மை கொண்டவையே. ஒன்றையொன்று தள்ளும். தண்ணீரோடு வந்த நிறம் தண்ணீரோடு போய்விடும். ஒருவர் நம்மை ஏமாற்றிவிட்டு நழுவினால் கடுக்காய் கொடுத்துவிட்டார் என்கிறோம். சாயம் பருத்திக்குக் காலங்காலமாகச் செய்துவந்தது அதைத்தான். அதை நழுவவிடாமல் பிடித்து நிறுத்தியதும் கடுக்காய்தான்.

கல்வராயன் மலையில் கடுக்காய் மரங்கள் நிறைய. பனிக்காலத்தில் காய் முதிரும். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் அதைப் பொறுக்கி, காயவைத்து விற்கிறார்கள். இன்று அது நாட்டு மருந்துக் கடைகளுக்கும் தோல் பதனிடும் தொழிலுக்கும் போகிறது. கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற பொருள். உமிழ்நீரில் இருக்கும் புரதங்களை அது கட்டிப்போடுவதால்தான் வாய் உலர்ந்ததுபோல் இருக்கிறது. தோலில் உள்ள புரதத்தைக் கட்டிப்போட்டால் அது அழுகாத தோலாகிறது. பருத்தியில் புரதம் இல்லை. ஆனால் டானின் மூலக்கூறு உடம்பெல்லாம் ஹைட்ராக்சில் கைகள் கொண்டது. செல்லுலோஸுக்கும் அதே கைகள் உண்டு. கையோடு கை கோத்து டானின் இழையில் குந்திக்கொள்கிறது. மீதமிருக்கும் கைகளால் உலோக அயனிகளைப் பிடிக்கிறது: படிகாரத்திலிருந்து அலுமினியம், துருவிலிருந்து இரும்பு. இவை நேர்மின் தன்மை கொண்டவை. அந்த உலோகம் சாயத்தைப் பிடிக்கிறது. துணிக்கும் நிறத்துக்கும் நேரடியாகப் பொருத்தம் இல்லாத இடத்தில் தரகர் இருவர் நடுவே புகுந்து முடித்துவைக்கும் கல்யாணம் இது. வேதியியலில் இப்படிப்பட்ட பொருளுக்கு நிறமூன்றி என்று பெயர்.

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. அந்தப் பரங்கிப்பேட்டையும் கடலூரும் புதுச்சேரியும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் உலகத்துக்கே வண்ணத்துணி அனுப்பிய துறைகள். வாங்கும் நாட்டின் ருசிக்கேற்ப வேலை நடந்தது. தென்கிழக்காசியத் தீவுகளுக்கு ஒரு கோலம், ஐரோப்பாவுக்கு வேறொரு கோலம். மாதிரித் துணி கொடுத்து அதைப்போலவே கேட்பதும் வழக்கம். முதுகில் பெயர் அடித்துத் தரச் சொல்லும் இன்றைய வாடிக்கையாளர் அந்த வரிசையில் வந்தவர்தான். துவைத்தாலும் போகாத அந்த நிறத்தில் ஐரோப்பா சொக்கிப்போனது. தங்கள் நெசவாளர்களைக் காக்க பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அச்சுத்துணிக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டுத் தடுத்தது.

தடை போட்டவர்களுக்கே ரகசியமும் வேண்டியிருந்தது. 1734 வாக்கில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு துணியோவியரின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். மொத்தம் 11 துண்டுகள், குறிப்புகளோடு. பாரிஸில் அவை இன்றும் இருக்கின்றன. இந்த வேலையை அவரிடம் கேட்டவர் துஃபே. மின்சாரம் இருவகை, ஒரே வகை தள்ளும், வேறு வகை இழுக்கும் என்று 1733இல் சொன்ன அதே துஃபே. பருத்தியில் நிறம் நிற்பதிலும் நேர்மின்னும் எதிர்மின்னும் இழுத்துக்கொள்ளும் கதை இருக்கிறது என்பதை அறிய அவருக்கு அன்று வழியில்லை. விடையின் ஒரு பாதியைக் கையில் வைத்துக்கொண்டே மறு பாதிக்கு அவர் புதுச்சேரிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

1742இல் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இன்னும் விரிவாக எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருப்பதைப் பின்னாளில் எடுத்துச் சொன்னவர் அவர். துணிக்குச் சாயமிடும் தொழில் தெரிந்த, புதிதாகக் கிறிஸ்தவரான சிலரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய அந்தக் கடிதத்தில் கடுக்காய் தமிழ்ப் பெயரோடேயே வருகிறது. துணியை வெளுத்து, கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் ஊறவைத்து, பிழிந்து வெயிலில் உலர்த்துவார்கள். எருமைப்பால் எதற்கு? அதன் கொழுப்பு, தூரிகையால் இழுக்கும் கோடு துணியில் ஊறிப் பரவாமல் தடுக்கும். பிறகு இரும்புக் கரைசலால் கோடு போட்டால் கடுக்காய் ஏறிய துணியில் அந்த இடம் மட்டும் கண்ணெதிரே கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள். பிறகு துணி முழுவதையும் சாயவேர்க் கொப்பரையில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்து நிற்கும். மற்ற இடத்தில் ஏறியது அலசலிலும் வெயிலிலும் வெளுத்துப்போகும். ஓவியர் நிறத்தைத் தீட்டவில்லை, கவனியுங்கள். நிறம் வந்து உட்காரவேண்டிய ஆசனத்தைத் தீட்டினார். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத படம் கொப்பரையில் முங்கி எழும்போது சிவந்து எழுந்தது.

சாயவேர் என்பது இம்பூறல் என்று சித்த மருத்துவம் சொல்லும் செடியின் வேர். கடற்கரை மணலில் வளரும். அதிலுள்ள அலிசாரின் என்ற சாயம், அலுமினியத்தோடு சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தால்தான் சுடர் சிவப்பாகும். இந்தச் சுண்ணாம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

அலிசாரினை ஜெர்மானியர்கள் 1868இல் ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். வேர்ச் சாயத்தின் காலம் முடிந்தது. தரகரே வேண்டாம் என்று சொன்ன சாயம் 1950களில் வந்தது. இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவன வேதியியலர்கள் ராட்டி, ஸ்டீபன் இருவரும் 1954இல் கண்டறிந்து, 1956இல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயம் செல்லுலோஸோடு நேரடியாக வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்கிறது. சாயமும் இழையும் ஒரே மூலக்கூறாகிவிடுகின்றன. அந்தக் கடையில் அடுக்கியிருந்த கருநீல, அரக்குச் சிவப்பு டி-ஷர்ட்டுகளைப் போன்றவற்றுக்குத் திருப்பூரில் ஏற்றப்படும் நிறம் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஆனால் சாயம் பிணைவதற்கு முன்னால் இழையின் பக்கத்தில் வரவேண்டுமே. இருவரும் எதிர்மின், தள்ளிக்கொள்வார்கள் என்ற பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது. அதை அடக்கத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். அழுத்தமான நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல். கடல்நீரில் இருப்பது 35 கிராம். நம் உடம்பில் இருக்கும் கறுப்பு டி-ஷர்ட், கடலைவிட உப்பான நீரில் முங்கி எழுந்தது. அந்த உப்பில் துளிகூடத் துணியில் தங்குவதில்லை. கூட்டம் சேர்த்துவிட்டு, ஒட்டாத சாயத்தையும் இழுத்துக்கொண்டு சாக்கடைக்குப் போகிறது. சாயத்தைச் சுத்திகரிப்பில் ஓரளவு பிரித்துவிடலாம். கரைந்த உப்பைப் பிரிப்பது பெரும்பாடு. பல ஆண்டுகள் அந்த உப்பு திருப்பூர் வழியே போகும் நொய்யல் ஆற்றில் ஓடியது. 1992இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. விவசாயிகளே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று மன்றாடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் அவை மறுபடி இயங்கின. சவ்வுகளால் வடிகட்டி, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பைத் திரும்ப எடுக்கும் ஆலைகள் அப்படி வந்தவை. துணி வாங்கும்போது இந்தச் செலவும் விலைக்குள் இருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மலிவான நிறத்துக்கு ஒரு நதி விலை கொடுத்திருக்கிறது.

கடைக்கு வருவோம். இழைக்கு ஏற்றுவது சாயம். நெஞ்சில் அடிக்கும் எழுத்து வேறு சங்கதி. அது பெரும்பாலும் பிக்மென்ட், அதாவது கரையாத நிறத்தூள். துணியோடு அதற்கு எந்த உறவும் இல்லை. பைண்டர் என்ற பிசினால் ஒட்டவைக்கிறார்கள். ரப்பர் பிரிண்ட், பஃப் பிரிண்ட் என்று தொழிலில் சொல்லும் பலவும் இந்தப் பிசினின் வகைகளே. பிசின் இறுகுவதற்குச் சூடு வேண்டும். பெரும்பாலான மைகளுக்கு 150, 160 டிகிரி. எனக்கு ஒருமுறை ஒரு விழாவுக்காக அடித்துக்கொடுத்த டி-ஷர்ட்டில் மூன்றாம் துவைப்பிலேயே எழுத்து வெடித்து உரிந்தது. மேல்பரப்பு காய்ந்து உள்ளே வேகாத மைக்கு அதுதான் கதி. பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது, இழுத்தால் நீளும். அதோடு சேர்ந்து நீளத் தெரியாத மை உடைந்துதான் ஆகவேண்டும்.

கறுப்பு டி-ஷர்ட்டில் மஞ்சள் எழுத்து வேண்டுமென்றால் அடியில் முதலில் வெள்ளை அடிக்கிறார்கள். வண்ண மை கண்ணாடித் தாள் மாதிரி, ஒளியைத் தன் வழியே விட்டுவிடும். பின்னால் கறுப்பு இருந்தால் எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். அந்த வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கடற்கரைக் கருமணலில் கிடைக்கும் இல்மனைட்தான் அதற்குத் தாதுப்பொருள். கருமணலில் இருந்து பிறக்கும் வெள்ளை அது. ஒளியை வளைக்கும் திறனில் அது வைரத்தையே மிஞ்சுகிறது: வைரத்துக்கு 2.42, இதற்கு ஏறத்தாழ 2.7. வைரத்தைவிட அதிகமாக ஒளியைத் திருப்பியடிக்கும் தூள் ஒன்று வாலிபால் ஜெர்சியில் எண்ணுக்கு அடியில் கிடக்கிறது. தண்ணீரைவிட நான்கு மடங்கு கனம் என்பதால் மைக்குள் அடியில் படிந்து, மை பீய்ச்சும் அச்சுப்பொறியின் மூக்கை அடைத்துவிடும். அதனால்தான் வெள்ளை மையை மட்டும் தினமும் கலக்கிவிடுகிறார்கள்.

அந்த இளைஞர்கள் கேட்டது பாலியஸ்டர் ஜெர்சி. அங்கே பிசினும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம். கற்பூரம் உருகாமலேயே காற்றில் கரைந்துபோவதை வீட்டில் பார்த்திருப்போம். சப்ளிமேஷன் சாயமும் அப்படியே. காகிதத்தில் அச்சடித்த படத்தைத் துணிமேல் வைத்து 200 டிகிரி அளவில் அழுத்தினால் சாயம் ஆவியாகிறது. அந்தச் சூட்டில் பாலியஸ்டரின் இறுக்கம் தளர்ந்து ஆவிக்கு வழிவிடுகிறது, ஆறியதும் மூடிக்கொள்கிறது. நிறம் உள்ளே மாட்டிக்கொண்டது. துவைத்தால் எப்படிப் போகும்? கடைக்காரர் கொடுத்த கேரண்டிக்கு நியாயம் இருக்கிறது. பருத்திக்கு இந்த வித்தை பலிக்காது, ஆவி வந்து தங்க அதற்குள் அறை இல்லை.

பருத்தியில் ஒரே ஒரு டி-ஷர்ட், ஒரே ஒரு படம் என்று கேட்பவர்களுக்காக, துணியிலேயே நேராக மை பீய்ச்சும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. அச்சடிப்பதற்கு முன்னால் துணியில் ஒரு கரைசலைத் தெளித்து உலர்த்துகிறார்கள். பெரும்பாலும் அதில் இருப்பது கால்சியம் உப்பு. மையில் மிதக்கும் நிறத்துகள்கள் எதிர்மின் கொண்டவை; கால்சியம் நேர்மின். மைத்துளி துணியைத் தொட்டதும் கால்சியம் அதை இழுத்து அங்கேயே உறையவைக்கிறது. ஊறிப் பரவாது, கோடு கலங்காது. படிகாரமும் எருமைப்பாலும் செய்த வேலைகளில் பாதியை, சாயவேர் கேட்ட அதே சுண்ணாம்புச் சத்து இன்று செய்கிறது. நிறத்துக்கு முன்னால் ஆசனத்தைத் தயார் செய்யும் முறை திரும்பி வந்திருக்கிறது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூள் வாங்கினேன். துருப்பிடித்த ஆணிகள் சிலவற்றை வெல்லத் தண்ணீரில் போட்டு இரண்டு வாரம் விட்டேன். புளித்து, ஆணியின் இரும்பு கரைந்தது. பழைய வேட்டித் துண்டைக் கடுக்காய் நீரில் ஊறப்போட்டுக் காயவைத்தபோது வெளிர் மஞ்சளாக இருந்தது. குச்சியில் பஞ்சு சுற்றி ஆணித் தண்ணீரில் தொட்டு, கடுக்காய் என்று எழுதினேன். தொட்டபோது பழுப்பு, கடைசி எழுத்தை முடிப்பதற்குள் முதல் எழுத்து கறுத்துவிட்டது. அந்தத் துண்டை இப்போது அடுப்படியில் கைத்துணியாக வைத்திருக்கிறோம். தினமும் சோப்புப் போட்டுத் துவைக்கிறோம். மஞ்சள் நிறம் மங்கிவிட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது.