மல்லியை எப்போது விற்பது?

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் ஐப்பசி மழைக்கு விதைத்த மல்லி தை, மாசியில் களத்துக்கு வருகிறது. உடனே மூட்டை கட்டிக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோகிறோம். விலை இறங்கினால், "எல்லாரும் ஒரே நேரத்தில் விற்றோம்" என்கிறோம். அது பாதிக் கணக்குதான். ராஜஸ்தானில் ராம்கஞ்ச் மண்டி பெரிய மல்லிச் சந்தை. மாசி, பங்குனியில் அங்கே வரத்து பெருகினால் நம்ம ஊர் விலையும் ஆடும்.

இதை அலசத்தான் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல வருட விலைகளைக் கணிப்பொறியில் போட்டு, அறுவடைக் கால விலையை முன்கூட்டியே மதிப்பிட்டு வெளியிடுகிறது. 2016-ல் தொடங்கிய இ-நாம் திட்டத்தில் சேர்ந்த சந்தைகளின் விலையையும் வரத்தையும் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

ஆனால் சராசரி விலை உங்கள் மூட்டைக்குக் கிடைத்துவிடாது. ஆகவே உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தார் உறுப்பினர்வாரியாகத் தேதி, எடை, தரம், கிடைத்த விலை, வண்டிக் கூலி, கமிஷன் இத்தனையும் எழுதிவையுங்கள். இரண்டு மூன்று வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், இருப்பு வைத்தது லாபமா, வாடகைக்கும் வட்டிக்கும் போய்விட்டதா என்று தெரியும்.

"கைச்செலவுக்கு என்ன செய்ய?" என்பீர்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்தால் பொருளீட்டுக் கடன் கேட்கலாம். மல்லியை நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள்; ஈரமிருந்தால் நிறம் கெட்டுவிடும்.