பட்டாசுப் பெட்டியும் பொதுமக்கள் குரலும்

நுழையும்முன்

விழாநாளில் நாம் வாங்கும் பட்டாசுப் பெட்டியின்மேல் வேதிப்பொருள்களின் பெயர், எச்சரிக்கை, முத்திரை எனச் சில வரிகள் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். நம்மில் பெரும்பாலோர் அவற்றைப் படிப்பதில்லை. அவ்வரிகள் பலவற்றின் பின்னே குடிமக்களின் நெடுநாள் கோரிக்கை உள்ளது. கோரிக்கை ஒன்று அரசின் விதியாக மாறும் முறையைப் பட்டாசை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

பட்டாசுக்குள் நிகழ்வது

பட்டாசுக்குள் இருப்பதைத் தொழிலாளர்கள் ‘மருந்து’ என்பர். எரியும் பொருளாகக் கந்தகமும் அலுமினியத் தூளும், எரிவதற்கு வேண்டிய உயிர்வளியைத் தருவதற்குப் பொட்டாசியம் நைட்ரேட்டு போன்ற உப்பும் அதில் கலந்திருக்கும். சிவப்பு நிறத்திற்கு ஸ்ட்ரான்சியமும் பச்சை நிறத்திற்குப் பேரியமும் சேர்க்கப்படுகின்றன. திரியில் பற்றிய தீ மருந்தைச் சென்றடைந்ததும் நொடிப்பொழுதில் பெருமளவு வெப்பமும் வளிமமும் தோன்றுகின்றன. சிறுவர் கையில் கொடுக்கும் கம்பி மத்தாப்பின் பொறிகூட 1000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பமுடையது.

காய்கறியை முகர்ந்து பார்த்து வாங்கலாம். துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். பட்டாசையோ கொளுத்திய பின்னரே அறிய முடியும். திரி சரியான நேரம் எரியுமா, மருந்தின் அளவு சரியா, தடைசெய்யப்பட்ட உப்பு கலந்துள்ளதா என்பனவற்றை வாங்குபவர் கடையில் நின்று சோதிக்க இயலாது. அவருக்காக வேறொருவர் முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும். அப்பொறுப்பை ஏற்கும் ஆற்றல் அரசுக்கே உண்டு. பட்டாசுக்குக் கடுமையான விதி வேண்டும் என்போரின் வாதம் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

விதிகளின் தொடக்கம்

இந்தியாவில் வெடிபொருள் சட்டம் 1884இல் இயற்றப்பட்டது. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் பட்டாசு உற்பத்திக்கு உரிம முறையைக் கொணர்ந்தன. 1922இல் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரால் தொழில் நகராக மாறத் தொடங்கியிருந்த சிவகாசி, உரிம முறை வந்தபின் பட்டாசுக்கும் தலைநகராயிற்று. விதியும் தொழிலும் இங்கு ஒருங்கே வளர்ந்தன என்பது கருதத்தக்கது.

இன்று 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் நடைமுறையில் உள்ளன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அவற்றைச் செயற்படுத்துகிறது. கந்தகத்தோடு குளோரேட்டு உப்பைக் கலந்த வெடிபொருள் சிறு உராய்விலும் வெடிக்கும் இயல்புடையது. ஆதலால் 1992இல் நடுவணரசு அக்கலவையைத் தடைசெய்தது.

கோரிக்கை விதியாதல்

பட்டாசின் ஓசைக்கு 1999இல் எல்லை வகுக்கப்பட்டது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மிகும் பட்டாசைச் செய்வதோ விற்பதோ கூடாது என்பது அவ்விதி. விதி ஏட்டில் இருந்தது, தெருவில் இல்லை. ஒலி மாசு குறித்து 1998இல் பொறியாளர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 18.07.2005 அன்று தீர்ப்பளித்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசையெழுப்பும் பட்டாசுகளை வெடிக்கலாகாது எனவும், பெட்டியின்மேல் வேதிப்பொருள்களின் விவரம் குறிக்கப்பட வேண்டும் எனவும் அத்தீர்ப்பு கூறியது. நாம் படிக்காமல் விடும் சிறிய எழுத்துகளின் வரலாறு இதுவே.

2015இல் தில்லியைச் சேர்ந்த மூன்று பச்சிளங்குழந்தைகளின் பெயரால் அவர்தம் தந்தையர் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். மூச்சுவிடத் தூய காற்று வேண்டும் என்பதே அம்மனுவின் சாரம். 23.10.2018 அன்று வெளியான தீர்ப்பு, பேரிய உப்புகளுக்கும் சரவெடிக்கும் இணையவழி விற்பனைக்கும் தடைவிதித்தது. மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளையே செய்ய வேண்டும் என்றது. தீபாவளியன்று வெடிக்க 2 மணிநேரம் ஒதுக்கியது. தமிழ்நாட்டின் வேண்டுகோளை ஏற்று, அவ்விரண்டு மணிநேரத்தை மாநில அரசே வகுத்துக்கொள்ளவும் இசைந்தது. அதன்படி காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் இங்கு நேரம் குறிக்கப்பட்டது. விதி கடுமையாக இருந்தும் மக்களின் வழக்கத்திற்கு இடம் தந்தமைக்கு இது சான்று.

தெரிந்து தெளிவோம்: பசுமைப் பட்டாசு என்பது மாசே இல்லாத பட்டாசு அன்று. வழக்கமான பட்டாசைவிட நுண்துகள் மாசு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் இதனை உருவாக்கியது. பெட்டியின்மேல் இதற்குரிய முத்திரையும் விரைவுக் குறியீடும் இருக்கும்.

பிற நாடுகளில்

நெதர்லாந்து நாட்டின் கண் மருத்துவர்கள், ஒவ்வொரு புத்தாண்டு இரவிலும் வாணவெடியால் கண்ணில் காயமுற்று வருவோரைக் கணக்கெடுத்து வெளியிட்டுவந்தனர். கருத்துப்போர் நிகழ்த்தாது காயங்களை எண்ணிக் காட்டினர். 2020இல் அந்நாட்டு அரசு வாணங்களையும் வெடிகளையும் பொதுமக்களுக்கு விற்பதைத் தடைசெய்தது. பிரித்தானியாவில் 2003இல் வாணவெடிச் சட்டமும் அடுத்த ஆண்டில் அதற்கான விதிகளும் வந்தன. 120 டெசிபல் என்பது அங்குள்ள ஓசை எல்லை. இரவு 11 மணிக்குப் பின் வெடிக்கத் தடை உண்டு. தீபாவளி இரவுக்கு 1 மணி வரை விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

செய்பவரின் உயிர்

பாதுகாப்பு என்பது வெடிப்பவருக்கு மட்டும் உரியதன்று. 05.09.2012 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்ததில் நாற்பதை நெருங்கிய உயிர்கள் பறிபோயின. முதல் ஓசை கேட்டு உதவ ஓடிவந்தவர்களும் அதில் மாண்டனர். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பனவற்றுக்கெல்லாம் விதி உண்டு. அளவுக்கு மிஞ்சிய மருந்தும் ஆளும் ஓரிடத்தில் சேரும்போது ஒரு பொறி ஓர் ஆலையையே அழிக்கிறது.

பட்டாசுத் தொழிலை நம்பி விருதுநகர் மாவட்டத்தில் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. கட்டுப்பாடு கடுமையானால் அவர்தம் பிழைப்பு என்னாகும் என்னும் வினா நேர்மையானது. 2018ஆம் ஆண்டின் தீர்ப்பும் தொழில் செய்யும் உரிமையையும் உயிர்வாழும் உரிமையையும் ஒருங்கே எடைபோட்டது. விதியை மீறுபவர் குறைந்த செலவில் செய்து குறைந்த விலைக்கு விற்கிறார். விதியைப் பின்பற்றுபவர் அவரோடு போட்டியிட முடியாமல் தவிக்கிறார். ஆய்வு முறையாக நடந்தால் தொழிலாளியின் உயிரும் நேர்மையான உற்பத்தியாளரின் தொழிலும் சேர்ந்தே காக்கப்படும்.

சிவகாசித் தொழிற்கூடங்களில் குழந்தைகள் வேலை செய்தமை பற்றிய வழக்கில், 10.12.1996 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை அக்குழந்தையின் நலனுக்காக வேலை தந்தவர் செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. அதன்பின்னும் தொழில் அழிந்துவிடவில்லை.

கோரிக்கை அமையும் முறை

மேற்கண்ட முயற்சிகளில் மூன்று பண்புகள் பொதுவாக உள்ளன. முதலாவது சான்று, எத்தனை பேருக்கு, எந்தப் பொருளால், எவ்வகைக் காயம் என்னும் கணக்கு. இரண்டாவது தெளிவு, ‘பாதுகாப்பு வேண்டும்’ என்று பொதுப்படக் கூறாமல், இந்த உப்பு வேண்டா, இந்த ஓசை மிகலாகாது, இந்த நேரத்தில் வெடிக்கலாகாது எனக் குறித்துக் கேட்டல். மூன்றாவது உரிய இடம். மாவட்ட ஆட்சியர், சட்டமன்றம், நீதிமன்றம் எனத் தீர்வு தரவல்ல இடத்தை அறிந்து அணுகுதல். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இதற்குத் துணைநிற்கிறது. நம் ஊரில் எத்தனை கடைகளுக்கு உரிமம் உண்டு, அவை எப்போது ஆய்வு செய்யப்பட்டன என்று குடிமக்கள் எழுதிக் கேட்கலாம். பொது அதிகாரி 30 நாள்களுக்குள் விடையளிக்கக் கடமைப்பட்டவர்.

விதி இயற்றப்படுவதோடு கோரிக்கை நிறைவுறுவதில்லை. 2018இல் தடைசெய்யப்பட்ட பேரிய உப்பும் சரவெடியும் தொடர்ந்து பயன்படுவதைக் கண்டு, 2021இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை மீண்டும் வலியுறுத்த நேர்ந்தது. முத்திரையில்லாத பெட்டியை மலிவு கருதி நாம் வாங்கும்வரை, அதைச் செய்பவரும் இருப்பார். அதைச் செய்யும் அறையில் மருந்து நிரப்புபவரும் இருப்பார். பெட்டியைத் திருப்பிப் படித்து, முத்திரை இல்லையேல் வேண்டா எனச் சொல்வது சிறு செயலே. ஆயினும் அறியாத ஊரில், அறியாத ஒருவர் மாலையில் நலமாக வீடு திரும்புவதற்கு அச்சிறு செயலும் துணையாகும்.