முன்பே தெரிந்ததற்கு உரிமை கேட்க முடியுமா? ஒரு பற்றரிப் பூச்சின் வழக்கு

லிதியம் பற்றரிக்குள் இருக்கும் மெல்லிய தாளொன்றின் செரமிக் பூச்சுக்காகத் தென்கொரியாவின் இரண்டு பெரிய நிறுவனங்கள் 2011 முதல் 2014 வரை வழக்காடின. ஒன்று எல்ஜி கெம், மற்றது எஸ்கே இனோவேஷன். காணி உறுதியோடும் எல்லையோடும் அலைந்து பழகிய நமக்கு இந்த வழக்கு எளிதாகவே விளங்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் பூச்சைப் பார்ப்போம். பற்றரியின் நேர்முனையும் எதிர்முனையும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க, இடையில் நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் தாளொன்று வைக்கப்படுகிறது. இது பிரிப்பான் எனப்படும். தலைமயிரை விட மெல்லிய இந்தத் தாள் சூடேறினால் சுருங்கிவிடும். அப்போது முனைகள் தொட்டுக்கொண்டு பற்றரி தீப்பற்றும். அதனால் அலுமினியம் ஒட்சைட்டு போன்ற செரமிக் தூளை ஒட்டுப்பொருளோடும் கரைப்பானோடும் குழம்பாகக் கலந்து, தாளில் பூசி உலர்த்துகிறார்கள். தூள்மணிகளுக்கு இடையில் மிஞ்சும் இடைவெளிகள் வழியே லிதியம் அயன்கள் போய்வரும். ஒட்டுப்பொருள் கூடினால் அந்த இடைவெளிகள் அடைபடும், குறைந்தால் தூள் உதிரும். பக்குவம் அங்கேதான் இருக்கிறது.

இப்படியான பூச்சுக்கு எல்ஜி கெம் ஆக்கவுரிமை பெற்றிருந்தது. அதை எஸ்கே மீறிவிட்டது என்று 2011இல் வழக்குப் போட்டது. அந்த ஆக்கவுரிமையே செல்லாது என்று எஸ்கே எதிர்வழக்காடியது. 2012இல் கொரிய ஆக்கவுரிமைத் தீர்ப்பாயமும், 2013இல் ஆக்கவுரிமை நீதிமன்றமும் எஸ்கேயின் பக்கம் நின்றன.

காரணத்தை நான் காணிப் பேச்சில் சொல்கிறேன். ஆக்கவுரிமைப் பத்திரத்தின் கடைசியில் வரும் உரிமைக் கோரிக்கை, உறுதியில் எழுதப்படும் எல்லை போன்றது. பூச்சின் இடைவெளிகளைப் பற்றி எல்ஜி எழுதிய எல்லை மிக அகலமாக இருந்தது. முன்னரே வெளிவந்திருந்த வேறொரு பிரிப்பானின் இயல்பும் அதற்குள் அகப்பட்டது. முன்பே உலகத்துக்குத் தெரிந்திருந்ததை ஒருவர் தன் எல்லைக்குள் அடைக்க முடியாது. எல்ஜி பின்னர் தன் கோரிக்கையைக் குறுக்கித் திருத்தியது. அந்தத் திருத்தத்தைக் கவனத்தில் எடுத்த உச்ச நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பை நீக்கி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஆனால் எல்லை சுருங்கினால் அதற்குள் அகப்படுபவர்களும் குறைவார்கள். 2014இல் சோல் மாவட்ட நீதிமன்றம், எஸ்கே உரிமையை மீறவில்லை என்றது. அதே ஆண்டில் இருவரும் சமரசமாகி வழக்குகளைக் கைவிட்டனர்.

இலங்கையிலும் விதி இதுதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, விண்ணப்பத் திகதிக்கு முன் உலகின் எந்த மூலையிலும் எழுத்தாலோ பேச்சாலோ பாவனையாலோ வெளிப்பட்ட ஒன்று புதியதல்ல. அதற்கு ஆக்கவுரிமை கிடைக்காது. விண்ணப்பதாரரே ஓராண்டுக்குள் வெளிப்படுத்தியிருந்தால் சலுகை உண்டு.

வாய்ப்பேச்சும் பாவனையும் சட்டத்தில் கணக்கில் வருகின்றன. ஆனால் மன்றில் அவற்றை நிரூபிப்பது கடினம். கொரியாவில் எஸ்கேக்குக் கைகொடுத்தது, முன்னரே எழுத்தில் வெளிவந்திருந்த ஆவணம். இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவருக்கு இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. பரம்பரையாக ஆண்ட காணி என்று ஊரே சாட்சி சொன்னாலும், கந்தோரில் முதலில் கேட்பது கடதாசியைத்தான்.

நம் பட்டறைகளிலும் வயல்களிலும் தேவைக்காகக் கண்டுபிடித்த உபாயங்கள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே நான் கேட்பது சின்ன வேலைதான். செய்முறையை எழுதுங்கள், அளவுகளைக் குறியுங்கள், படம் எடுங்கள், திகதி போடுங்கள். உரிமை வேண்டுமென்றால் கண்காட்சியில் வைப்பதற்கு முன் விண்ணப்பியுங்கள். உரிமை வேண்டாம், எல்லோரும் பாவிக்கட்டும் என்றால் திகதியோடு பகிரங்கமாக வெளியிடுங்கள். நாளைக்கு வேறொருவர் அதைத் தன்னுடையது என்று எல்லை போட வந்தால், அந்த வெளியீட்டைக் காட்டி மறுக்கலாம்.