எல்லி கிரீன்விச்

எல்லி கிரீன்விச் (அக்டோபர் 23, 1940 – ஆகஸ்ட் 26, 2009) அமெரிக்கப் பாப் பாடலாசிரியர், இசைத்தட்டுத் தயாரிப்பாளர், கோரஸ் பாடகி ஆவார். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்து, லெவிட்டவுனில் வளர்ந்தார். சிறுவயதில் அக்கார்டியன் வாசித்தார்; பின்னர் பியானோவுக்கு மாறினார். ஹாஃப்ஸ்ட்ராவில் பட்டம் பெற்று உயர்நிலைப் பள்ளி ஆசிரியரானார். அந்தப் பணியில் மூன்றரை வாரங்களே இருந்தார்!

1962இல் பாடலாசிரியர் ஜெஃப் பேரியை மணந்தார். இருவரும் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டருடன் சேர்ந்து எழுதிய ‘பி மை பேபி’, ‘டா டூ ரான் ரான்’ ஆகியவை 1963இல் வெளிவந்தன. மறு ஆண்டு பீட்டில்ஸ் அலை அமெரிக்காவையே அடித்துச் சென்றது. அப்போதும் ‘சேப்பல் ஆஃப் லவ்’, ‘டூ வா டிடி டிடி’, ‘லீடர் ஆஃப் தி பேக்’ என இத்தம்பதியரின் மூன்று பாடல்கள் அங்கு முதலிடம் பிடித்தன.

அக்காலப் பாடலாசிரியர்கள் புதுப் பாட்டை எளிய இசையுடன் பாடிப் பதிந்து, பாடகர்களுக்கும் நிறுவனங்களுக்கும் போட்டுக் காட்டுவார்கள். இதற்கு ‘டெமோ’ என்று பெயர். எல்லியின் டெமோக்கள் மாதிரி என்ற அளவில் நிற்கவில்லை. ஒரே ஒலிநாடாவில் தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து, ஒரு பெண்கள் குழுவே பாடுவதுபோல் ஒலிக்கச் செய்தார். அவ்வாறு பதிந்த ஒரு டெமோவை நிறுவனம் அப்படியே வெளியிட்டதில் ‘ரெயின்டிராப்ஸ்’ குழு பிறந்தது. பாடியவர்கள் கணவனும் மனைவியும் மட்டுமே. படங்களில் குழுவாகத் தெரிய எல்லியின் தங்கையும் நிறுத்தப்பட்டார்.

1965இல் மணமுறிவு ஏற்பட்டபின்பும் இருவரும் சேர்ந்து பணியாற்றினர். எல்லி கண்டறிந்த நீல் டைமண்டின் ‘செர்ரி செர்ரி’ (1966) பாடலைத் தயாரித்து, அதில் கோரஸும் பாடினர். அரீதா ஃபிராங்கிளினின் ‘செயின் ஆஃப் ஃபூல்ஸ்’ (1967) பாடலைத் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் போட்டுக் காட்டியபோது, கூடுதலாக ஒரு குரல்வரிசை சேரும் என்றார் எல்லி. அதை அவரையே பாடவைத்துச் சேர்த்தார்கள். பிளாண்டி குழுவின் ‘ட்ரீமிங்’ (1979), சிண்டி லாப்பரின் முதல் தனி ஆல்பம் (1983) ஆகியவற்றிலும் அவர் குரல் உண்டு.

அமெரிக்க வானொலியில் பாட்டு ஒலிக்கும்போது எழுதியவருக்கு உரிமைத்தொகை உண்டு. பாடியவருக்குக் கிடையாது, அவர் நட்சத்திரமாக இருந்தாலும்கூட. கோரஸ் பாடுவோருக்குப் பெரும்பாலும் ஒலிப்பதிவு நாளின் கூலியோடு சரி. எல்லி எழுத்தாளராகவும் இருந்ததால் அவருக்கு வருமானம் தொடர்ந்தது. அருகில் நின்று பாடிய பலருக்கு அந்த வழி இல்லை.

அவரது பாடல்களைக் கொண்டு உருவான ‘லீடர் ஆஃப் தி பேக்’ இசைநாடகம் 1985இல் பிராட்வேயில் அரங்கேறியது. அதில் எல்லியாக அவரே மேடையேறினார். 1991இல் பாடலாசிரியர் புகழவையில் அவரும் பேரியும் இடம்பெற்றனர்.