வெண்பனியில் பாதரசம்

பனிக்கட்டியில் இட்ட பொருள் எளிதில் கெடாது என்பது மீன் வாங்கும் இல்லத்தரசியர் யாவரும் அறிந்ததே. துருவப் பனியில் வந்து விழும் நச்சுப்பொருளும் அவ்வாறே அடங்கிக் கிடக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். இருள் நீடிக்கும்வரை அது பெரும்பாலும் உண்மையே. கதிரவன் எழுந்ததும் நிலைமை மாறிவிடுகிறது.

கனடாவின் வடகோடியில், வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், அலர்ட் என்னும் நிலையம் உள்ளது. அக்டோபர் நடுவில் மறையும் கதிரவன் அங்கு மீண்டும் தலைகாட்டுவது பிப்ரவரி இறுதியிலேயே. 1995-ஆம் ஆண்டில் அங்கே காற்றிலுள்ள பாதரச ஆவியை அளந்துவந்த அறிவியலார் ஒரு விந்தையைக் கண்டனர். வழக்கமாக ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ ஒன்றரை நானோகிராம் இருக்கும் பாதரசம், கதிரவன் திரும்பிய பின் வந்த இளவேனிலில், சில நாள்களில் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய அளவையும் எடைபோடும் கருவி வாய்த்ததே ஒரு வியப்புத்தான்!

அது எங்கே போயிற்று? கடலுப்பு பனியின்மேல் படிந்திருக்கிறது; அதில் சிறிதளவு புரோமினும் கலந்துள்ளது. நீர் உறையும்போது அதன் படிகம் உப்பைத் தன்னுள் ஏற்பதில்லை, ஒதுக்கித் தள்ளிவிடும். இவ்வாறு ஒதுக்கப்பட்டவை, கடுங்குளிரிலும் முற்றும் உறையாது நிற்கும் மெல்லிய மேற்படலத்தில் செறிகின்றன. அப்படலத்தைப்பற்றி மைக்கேல் பாரடே 1850-ஆம் ஆண்டிலேயே பேசியிருக்கிறார். கதிரொளி பட்டதும் புரோமின் கிளர்ந்தெழுந்து, நிலமட்டக் காற்றிலுள்ள ஓசோனைச் சிதைக்கிறது. பாதரச ஆவியையும் மாற்றிவிடுகிறது. மாதக்கணக்கில் உலகைச் சுற்றிவந்த ஆவி, நீரில் கரையும் சேர்மமாகிப் பனியில் படிகிறது.

படிந்ததில் ஒரு பகுதியை அதே ஒளி மீண்டும் ஆவியாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடுகிறது. எஞ்சியதில் ஒரு பங்கு, பனி உருகுங்கால் கடலைச் சேர்கிறது. அங்கு நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, மீன், சீல் என்று உணவுச் சங்கிலியில் ஏற ஏறச் செறிவு மிகுகிறது. 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட கொடிய நோய்க்குக் காரணமான நஞ்சு இதுவே. கருவிலுள்ள குழந்தையின் மூளையையும் இது தாக்கவல்லது.

இப்பாதரசத்தின் பெரும்பகுதி துருவத்தில் தோன்றியதன்று. நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்களும், பாதரசங்கொண்டு பொன் பிரிக்கும் சிறு சுரங்கங்களும் தொலைநாடுகளில் வெளியிட்டது. ஆசிய நாடுகளின் பங்கு இதில் பெரிது. நம் நாடும் அவற்றுள் ஒன்று. இதைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. எனினும் ஏற்கெனவே நிலத்திலும் கடலிலும் சேர்ந்துவிட்டது விரைவில் நீங்கப்போவதில்லை.

அவ்வட பகுதியில் வாழும் இனுயிட் மக்களுக்குச் சீல் வெறும் உணவன்று. தலைமுறைகளாய் வந்த வாழ்வுமுறை. 2012-இல் நூனவுட் சுகாதாரத் துறையினர், கருவுற்ற பெண்களும் கருவுறக்கூடிய பெண்களும் வளையச் சீலின் ஈரலைத் தவிர்க்குமாறும், அதன் இறைச்சியை உண்ணலாம் என்றும் அறிவுறுத்தினர். நலம்பயக்கும் அறிவுரைதான். ஆனால் எவரோ எரித்த நிலக்கரிக்காகத் தன் பாட்டி உண்ட உணவை ஒரு தாய் விலக்கவேண்டியிருப்பதை நியாயம் என்று நம்மால் சொல்ல இயலவில்லை.