தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு முன்னொரு கதை

கொழும்பில் வெள்ளவத்தையைத் தாண்டிக் காலி வீதியால் போனால் தெஹிவளை. அங்குள்ள மிருகக்காட்சிசாலைக்கு அடித்தளம் போட்டவர் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மானியர். 1936இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. தகப்பன் ஒன்று, தாய் வேறான அவருடைய தமையன் கார்ல், ஹம்பர்க் நகரத்து மிருக வியாபாரி. 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதரையும் கப்பலேற்றி, ஐரோப்பாவில் ரிக்கெற் விற்றுக் காட்டியவர் அவர்தான். 1884ஆம் ஆண்டுக் குழுவில் 67 பேர், 25 யானைகள். அவர்கள் ஆடினார்கள், மேளம் அடித்தார்கள். சனம் நின்று பார்த்தது. இப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களின் தலையையும் உடலையும் மானுடவியலாளர்கள் அளந்து குறித்தார்கள். வியாபாரியின் பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் மண்ணிலிருந்து போனவர்களின் பெயர்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அது மனதை அறுக்கிறது.

ஒரிசாவில் ஒட்டிப் பிறந்த ராதிகா, டூடிகா சகோதரிகளின் பெயர்களாவது தப்பின. பார்னம் அன்ட் பெய்லி சர்க்கஸ் இந்தச் சிறுமிகளை ஐரோப்பாவில் காட்சிக்கு வைத்தது. டூடிகாவுக்குக் காசநோய் கண்டதால், 1902இல் பாரிஸில் டாக்டர் டொயன் இருவரையும் அறுவை செய்து பிரித்தார். அதையும் படம் பிடித்தார்கள். டூடிகா சில நாட்களில் இறந்தாள். ராதிகா 1903இல், அதே காசநோயால்.