காருக்கு ஸ்பார்க் பிளக் ஆன்லைன்ல ஆர்டர் பண்றீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

காலையில் காரை எடுக்கிறீர்கள். ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்குது. ஸ்டார்ட் ஆனாலும் வண்டி நின்ற இடத்திலேயே உதறுது. அணைக்கட்டிலிருந்து பீஞ்சமந்தை மலைச்சாலையில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் இழுவை இல்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு, "பிளக் போயிருக்கு, மாத்திடுங்க" என்கிறார்.

அந்த மாடலுக்கான பிளக் உள்ளூர்க் கடையில் இல்லையென்றால் வேலூருக்கோ ஆம்பூருக்கோ போக வேண்டும். போய் வந்தால் அரை நாள் வேலை கெட்டுவிடும். "எதுக்கு அலையணும்? போன்ல ஆர்டர் போட்டா வீட்டுக்கே வந்துடுமே" என்று தோன்றுவது இயல்புதான். தப்பும் இல்லை.

ஆனால் விரல் நீளமே உள்ள இந்தப் பொருளைத் தப்பா வாங்கினால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை இன்ஜினையே பிரித்துப் பார்க்கும் செலவில் போய் முடியலாம். எதையெல்லாம் கவனிக்கணும்? வாங்க பார்க்கலாம்.

ஸ்பார்க் பிளக் என்ன செய்கிறது?

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் அழுத்தப்படும். அதற்குத் தீப்பொறி வைப்பதுதான் பிளக்கின் வேலை. சிஎன்ஜி, எல்பிஜி கார்களுக்கும் இது உண்டு. டீசல் காரில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் இருப்பது குளோ பிளக், அது வேறு பொருள். ஆன்லைனில் காரின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் இரண்டும் கலந்து வரும், கவனம்.

பிளக் தேய்ந்தால் ஸ்டார்ட்டிங் தாமதமாகும், வண்டி உதறும், மைலேஜ் குறையும், செக் இன்ஜின் லைட் எரியும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், விலை அதிகமான கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

முதல்ல, பிளக்தான் பிரச்சனையா?

ஆர்டர் போடுவதற்கு முன்பு பழைய பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறமாக இருந்தால் பிளக் ஆரோக்கியமாக இருக்கு. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது வண்டி பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு மட்டுமே ஓடுகிறது என்று அர்த்தம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே கசிகிறது. வெள்ளை வெளேரென்று கொப்புளம் போட்டிருந்தால் அளவுக்கு மீறி சூடாகிறது.

ஆயில் கசிவுக்குப் புது பிளக் தீர்வாகாது, அதுவும் சில நாளில் அதே மாதிரி ஆகிவிடும். அதேபோல, உதறலுக்குக் காரணம் இக்னிஷன் காயிலாகவும் இருக்கலாம். ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் உள்ள வண்டியில், சந்தேகமான காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். பிரச்சனையும் கூடவே அந்த சிலிண்டருக்குப் போனால் காயில்தான் குற்றவாளி. பிளக் வாங்கும் காசு மிச்சம்.

"ஸ்விஃப்ட்டுக்கு பிளக்" என்று தேடினால் போதுமா?

போதாது. ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் அறிமுகமான ஸ்விஃப்ட்டில் இருப்பது 3 சிலிண்டர் இன்ஜின், அதற்கு 3 பிளக். அதற்கு முந்தைய 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் 4 சிலிண்டர், 4 பிளக். பழைய ஸ்விஃப்ட் டீசலுக்கு ஸ்பார்க் பிளக்கே இல்லை. ஒரே பெயர், மூன்று கதை!

இன்னொரு உதாரணம், 2003-ல் வந்த ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ. அதில் 4 சிலிண்டர்தான். ஆனால் சிலிண்டருக்கு இரண்டு வீதம் மொத்தம் 8 பிளக். செகண்ட் ஹேண்டில் அந்த வண்டியை வைத்திருப்பவர் "4 சிலிண்டர்தானே" என்று 4 மட்டும் ஆர்டர் போட்டால் பாதி வேலைதான் நடக்கும்.

அதனால் மாடல் பெயர், தயாரிப்பு ஆண்டு, எரிபொருள், இன்ஜின் வகை இந்த நான்கையும் ஆர்சி புத்தகத்தையும் ஓனர்ஸ் மேனுவலையும் வைத்து உறுதி செய்யுங்கள். மேனுவலில் எந்த பிளக் என்ற குறியீட்டு எண்ணே இருக்கும். கழற்றிய பழைய பிளக்கிலும் எண் இருக்கும். ஆனால் செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் அதை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு வைத்திருந்தவர் கிடைத்ததை மாட்டியிருக்கலாம்.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

என்ஜிகே நிறுவனத்தின் பிகேஆர்6இ-11 என்ற பிளக்கைப் பார்ப்போம். 'பிகே' என்றால் மரையின் விட்டம் 14 மி.மீ., ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 16 மி.மீ. 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. '6' என்பது வெப்ப எண். 'இ' என்றால் மரைப் பகுதியின் நீளம் 19 மி.மீ. கடைசியில் வரும் '11' என்றால் தீப்பொறி தாவும் இடைவெளி 1.1 மி.மீ.

இதில் ஒவ்வொன்றும் முக்கியம். மரை நீளம் அதிகமானால் மேலே வரும் பிஸ்டன் பிளக்கில் மோதலாம். குறைந்தால் தீப்பொறி சரியான இடத்தில் விழாது, காலியாக இருக்கும் மரையில் கரி படியும். விட்டம் பொருந்தாத பிளக்கை வலுக்கட்டாயமாகத் திருகினால் அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் மரை அரைபட்டுப் போகும். ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போட்டால் காரின் எலக்ட்ரானிக்ஸுக்குத் தொந்தரவு வரலாம்.

வெப்ப எண்ணில் ஒரு பெரிய குழப்பம் இருக்கு. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் அது 'கூல்' பிளக், அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றும். பாஷ் பிளக்கில் அப்படியே தலைகீழ், எண் கூடினால் 'ஹாட்' பிளக். என்ஜிகேயின் 6-க்கு டென்சோவில் பொதுவாக 20 வரும், பாஷில் 7 வரும். எனவே கம்பெனி மாறும்போது எண்ணை ஒப்பிட்டு நீங்களே கணக்குப் போடாதீர்கள். அந்தந்த நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் உங்கள் காரைத் தேடுங்கள்.

வேலூர் வெயிலுக்கு தனி பிளக் வேணுமா?

வெயில்காலம் வந்தால் பலருக்கும் வரும் கேள்வி இது. தேவையில்லை. வேலை செய்யும்போது பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் படியும் கரி தானாக எரியும். 850 டிகிரிக்கு மேல் போனால் தீப்பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனைச் சேதப்படுத்தும். இந்த இரண்டுக்கும் நடுவில் நுனியை வைத்திருப்பதுதான் வெப்ப எண்ணின் வேலை. வெளியே 42 டிகிரி அடிப்பதால் அந்தக் கணக்கு மாறாது. கம்பெனி சொன்ன எண்ணையே போடுங்கள்.

நிக்கலா, பிளாட்டினமா, இரிடியமா?

சாதாரண நிக்கல் பிளக் விலை குறைவு, சீக்கிரம் தேயும். பல கார்களில் 20,000 முதல் 40,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்வார்கள். பிளாட்டினம் அதைவிட நீண்ட நாள் வரும். இரிடியம் பிளக்கின் மைய முனை ஊசி மாதிரி மெலிதாக இருக்கும். பல வகைகள் 1 லட்சம் கி.மீ. வரைகூட தாங்கும்.

உங்கள் காருக்கு கம்பெனியே இரிடியம் பரிந்துரைத்திருந்தால் காசை மிச்சம் பிடிக்க நிக்கலுக்கு இறங்க வேண்டாம். நிக்கல் போட்டு வந்த பழைய வண்டிக்கு இரிடியம் மாட்டினால் ஆயுள் கூடும், ஆனால் மைலேஜ் மடமடவென்று ஏறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எதை வாங்கினாலும் எல்லா சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில், ஒரே வகையாக மாற்றுவதுதான் நல்லது.

ஆர்டர் போடும் முன் செக் பண்ண வேண்டியவை

1. விலை ஒரு பிளக்குக்கா, செட்டுக்கா? படத்தில் நான்கு இருக்கும், கீழே சின்ன எழுத்தில் 'பேக் ஆஃப் 1' என்று இருக்கும்.

2. விற்பவர் யார்? ஆப்பின் பெயர் பெரிதாக இருந்தாலும் பொருளை விற்பது வேறு ஒரு கடை. பிளக் கம்பெனியின் அல்லது கார் கம்பெனியின் அதிகாரப்பூர்வ ஸ்டோர் என்றால் நிம்மதி.

3. விலை மிகக் குறைவா? மற்ற இடங்களில் பல நூறு ரூபாய்க்கு விற்கும் இரிடியம் பிளக்கை ஒரே ஒரு கடை மட்டும் நிக்கல் விலைக்குக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

4. ரிட்டர்ன் வசதி உண்டா, எத்தனை நாள்? மாட்டிய பிறகு திரும்ப எடுப்பார்களா என்றும் படியுங்கள்.

5. எம்ஆர்பி பழையதா? 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே சீராக 18% ஜிஎஸ்டி. பழைய 28% வரியில் அச்சான எம்ஆர்பியைக் காட்டி "பாதி விலை" என்றால் அந்த தள்ளுபடிக் கணக்கை நம்ப வேண்டாம்.

பார்சல் வந்ததும் என்ன செய்யணும்?

பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணும் பிளக்கில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, தயாரித்த மாதம், எம்ஆர்பி இருக்க வேண்டும்.

பிறகு பிளக். எழுத்து மங்கலாக, கோணலாக இருக்கிறதா? வெள்ளை பீங்கானில் விரிசல் உண்டா? மரை சொரசொரப்பா? மைய முனை நடுவில் இல்லாமல் ஒதுங்கி நிற்கிறதா? இரிடியம் என்று சொல்லி முனை தடிமனாக இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மாட்டாதீர்கள்.

மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனை. ரெசிஸ்டர் உள்ள பிளக்கின் மேல் முனைக்கும் மைய முனைக்கும் நடுவே அளந்தால் பொதுவாக 5 கிலோ ஓம் அக்கம்பக்கம் காட்டும். எண்ணில் 'ஆர்' போட்டுவிட்டு மீட்டர் பூஜ்யம் காட்டினால் அது போலியாக இருக்கலாம்.

மாட்டும்போது, இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் குழியில் இருக்கும் தூசியை ஊதி எடுத்த பிறகே கழற்ற வேண்டும். புதுசை முதலில் கையாலேயே திருக வேண்டும். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக் என்றால் கை இறுக்கத்துக்குப் பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர்.

ஏமாந்துவிட்டால்?

2020-ன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் உங்கள் பக்கம். பொருள் போலியாகவோ, குறைபாடுள்ளதாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக்கூடாது. புகார் கொடுத்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

அதுவும் நடக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் அணைக்கட்டுக்காரர் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில், ஆர்டர் ஸ்கிரீன்ஷாட், பிரித்த வீடியோ இவை மூன்றும்தான் உங்கள் சாட்சி.

கடைசியாக ஒன்று. புது பிளக் மாட்டி நாலு நாள் நல்லா ஓடும் வரை பழைய பிளக்கைத் தூக்கிப் போடாதீங்க. புதுசு மக்கர் பண்ணினால் வண்டியை வீடு வரை கொண்டு வர அதுதான் கைகொடுக்கும்.